இருமுனைக் கோளாறும் தடுப்பூசியும்

இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தடுப்பூசி போட அந்த நோய் தடையே அல்ல.

2021 மார்ச்சில் 45 முதல் 59 வயதுவரை உள்ளோருக்குக் கொரோனா தடுப்பூசியில் முன்னுரிமை தரும் 20 இணைநோய்களை இந்திய அரசு பட்டியலிட்டது. இருமுனைக் கோளாறு அதில் இல்லை. பிரிட்டன் கடும் மனநோயாளிகளுக்கு முன்னுரிமை தந்திருந்தது. இங்கேயும் தந்திருக்க வேண்டும்.

இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. ஊசிக்குப் பின் வரும் காய்ச்சலும் சித்திரை வெயிலும் சேர்ந்து உடலின் நீரை வற்றச் செய்தால், இரத்தத்தில் லித்தியம் கூடி நஞ்சாகலாம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இபுபுரூஃபன் லித்தியம் அளவை உயர்த்தும்; காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலே ஏற்றது. கைநடுக்கம், தள்ளாட்டம், வாந்தி கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.