யாருடைய குற்றம்?

நோயுற்றவரைக் கண்டதும் மனித உள்ளம் முதலில் தேடுவது குற்றவாளியைத்தான். பிறவியிலேயே பார்வையிழந்த ஒருவரைக் கண்ட சீடர்கள்கூட, இது யார் செய்த பாவம் என்றே ஆண்டவரிடம் வினவினர். இந்தப் பழங்கேள்வியையே தம் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருளாக்கியவர் பால் ஃபார்மர்.

1959-இல் அமெரிக்காவில் பிறந்த அவர், டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மானிடவியல் பயின்றார். நோய்க்கு நோயாளி கூறும் பொருள், அண்டையார் கூறும் பொருள், அவரைச் சூழ்ந்த சமூகத்தின் அமைப்பு ஆகியவற்றை ஆராயும் துறை அது. 1983-இல் ஹைத்தி நாட்டுக்குச் சென்ற ஃபார்மர், மறு ஆண்டு ஹார்வர்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். மானிடவியல் ஆய்வையும் உடன் மேற்கொண்டார். உளநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் அங்கே அவருடைய ஆசிரியர். எனினும் ஹைத்தியின் கான்ஜ் என்னும் சிற்றூரே அவருக்கு மெய்யான வகுப்பறையாயிற்று.

அவ்வூரின் பிறப்பே ஒரு துயரக் கதை. 1956-இல் ஆர்த்திபோனித் ஆற்றில் பெலீகர் அணை எழுந்தபோது பள்ளத்தாக்கின் வளமான வயல்கள் நீரில் மூழ்கின. நிலமிழந்த உழவர்கள் வறண்ட மலைச்சரிவுகளில் குடியேறினர். அணையின் மின்சாரம் தலைநகருக்குச் சென்றது. இவர்களுக்குப் பசியும் காசநோயும் எஞ்சின. அங்கே பணிபுரிந்த ஆங்கிலிக்க குரு ஃபிரிட்ஸ் லாஃபோந்தானுடன் இணைந்து ஃபார்மரும் தோழர்களும் 1985-இல் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினர்.

அக்காலத்தில் எய்ட்ஸ் அம்மலைகளை எட்டியது. பொறாமை கொண்ட எவரோ சூனியத்தால் ஏவிவிட்ட நோய் என்று ஊரார் பலர் நம்பினர். அமெரிக்க நலவாழ்வுத் துறையோ 1983-இல் ஹைத்தி மக்கள் அனைவரையுமே நோயாபத்து மிக்க பிரிவினராகப் பட்டியலிட்டது. அதனால் அயல்நாட்டில் பிழைக்கச் சென்றவர்கள் வேலையிழந்தனர், இழிவுற்றனர். குடிசையிலும் வல்லரசிலும் குற்றஞ்சாட்டும் மனம் ஒன்றே என்பதை ஃபார்மர் கண்டார். 1990-இல் மருத்துவப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றார். எய்ட்ஸும் குற்றச்சாட்டும் பற்றிய அவ்வாய்வு 1992-இல் நூலாயிற்று.

ஆயினும் அவரையே திருத்தியது காசநோய்தான். இலவச மருந்து தந்தும் 1988-இல் சில நோயாளிகள் இறந்தனர். சூனிய நம்பிக்கையே காரணம் என்றனர் மருத்துவரும் செவிலியரும். வறுமையே காரணம் என்றனர் ஊரிலிருந்தே வந்த நலப்பணியாளர்கள். இதைச் சோதித்தறிய, ஒரு பகுதியினருக்கு மருந்து மட்டும் வழங்கப்பட்டது. மற்றொரு பகுதியினருக்கு மருந்துடன் சத்துணவும், சிறு பண உதவியும், வழிச்செலவும் வழங்கி, வீடு தேடிச் சென்றும் பார்த்தனர். பின்னவர் அனைவரும் குணமடைந்தனர். முன்னவருள் ஏறத்தாழப் பாதிப்பேரே தேறினர். சூனியத்தை நம்பியவர், நம்பாதவர் என்ற வேறுபாடு முடிவை மாற்றவில்லை. நலமடைந்த ஒரு பெண், தமக்குச் சூனியம் வைத்தவரைத் தாம் அறிவதாகச் சொன்னார். பின் ஏன் மருந்து உண்டீர்கள் என்று ஃபார்மர் கேட்டபோது, இவ்வளவு எளிதல்லாத ஒன்று உமக்கு விளங்காதா என்னும் பொருள்படப் புன்னகைத்தார் அப்பெண்மணி. கற்றறிந்தவருக்கு அது ஒரு பாடம்.

பண்பாட்டை ஆராயப் புகுந்தவர், பண்பாட்டின் மீதே பழியைச் சுமத்திவிடும் ஆபத்து உண்டு. அறியாமை, மூடநம்பிக்கை என்று நாம் பெயரிடுவதன் பின்னே வெறும் வயிறும், கடக்க இயலாத தொலைவும் மறைந்துகிடக்கின்றன. மனிதரே வகுத்த ஏற்பாடுகள் ஏழைகளை நோய்க்கு இரையாக்கும் இந்நிலையைக் கட்டமைப்பு வன்முறை என்றார் ஃபார்மர். விடுதலை இறையியலாளர் குஸ்தாவோ குத்தியரெஸின் சிந்தனை அவரை ஆழமாகத் தொட்டிருந்தது. ஏழைகளுக்கே முன்னுரிமை என்னும் கொள்கையை அவர் மருத்துவத்தின் விதியாகவே கொண்டார். நோயாளியின் இல்லத்திற்கு நாள்தோறும் மருந்துடன் செல்லும் ஊர்ப்பணியாளரை, உடன் நடப்பவர் என்ற பொருளுடைய சொல்லால் அவருடைய குழுவினர் அழைத்தனர்.

2022 பெப்ருவரி 21 அன்று, ருவாண்டாவின் புட்டாரோவில், தாம் உருவாக்க உதவிய மருத்துவமனை வளாகத்தில் ஃபார்மர் உயிர்நீத்தார்.

மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்ட ஒருவர் நம்முன் வந்து தலைகுனிந்து நிற்கும்போது நம் நாவில் முதலில் எழுவது கடிந்துரையே. ஏன் நிறுத்தினாய் என்று அதட்டுமுன், இன்று உண்டாயா, எவ்வளவு தொலைவு நடந்து வந்தாய் என்று கேட்க நமக்கு மனம் வருமா? சீடர்களின் கேள்விக்கு ஆண்டவர் குற்றவாளியைச் சுட்டவில்லை. சேறு உண்டாக்கி, அம்மனிதரின் கண்களில் பூசினார்.