கடக்கும் நீர், சேமிக்கும் நீர், குடிக்கும் நீர்: திருகோணமலை மாவட்டத்தில் நலவாழ்வு ஏற்றத்தாழ்வின் காரணங்கள்

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் களப்பைக் கடந்துகொண்டிருந்த மிதவைப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுவர்கள் உட்படக் குறைந்தது ஆறு பேர் இறந்தார்கள். புதிய பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது; அக்கரை போவோருக்கு அந்த மிதவைதான் துணை. புள்ளிவிபரத்தில் இம்மரணங்கள் 'நீரில் மூழ்கல்' என்று பதிவாகும், விபத்துகளோடு சேர்த்து எண்ணப்படும். நலவாழ்வு ஏற்றத்தாழ்வு பற்றிப் பேசும்போது யாரும் அவற்றை எடுப்பதில்லை. நான் அவற்றிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். திருகோணமலை நகரத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகும் வழியில் இல்லாத ஓர் ஆபத்து, அதே மாவட்டத்தில், அதே வயதுப் பிள்ளைக்கு நாள்தோறும் இருந்தது. உயிர் வாழும் வாய்ப்பு இப்படி இடத்துக்கு இடம் வேறுபடுவதைத்தான் ஏற்றத்தாழ்வு என்கிறோம்.

ஆங்கிலேயத் தொற்றுநோயியலாளர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுதிய கட்டுரையொன்றில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் காட்டினார். இந்த ஆளுக்கு இந்நோய் ஏன் வந்தது என்பது ஒன்று. இந்த மக்களிடையே இந்நோய் ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்பது மற்றது. முதற் கேள்வியின் விடையை இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொள்வதுதான் நம் மாவட்டத்தைப் பற்றிய பேச்சில் அடிக்கடி நேரும் பிழை.

2017ஆம் ஆண்டின் டெங்குவைப் பார்ப்போம். அந்த ஆண்டு இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். அதுவரை காணாத எண்ணிக்கை. ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே கிண்ணியா கடுமையாகத் தாக்குண்டது. பல உயிர்கள் போயின, பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. டெங்கு வைரசின் இரண்டாம் வகை மீண்டும் தலைதூக்கியதே காரணம் என்று ஆய்வுகூடம் சொல்லும். ஏன் 2017 என்பதற்கு அது சரியான விடை. ஏன் கிண்ணியா என்பதற்கு அதில் விடை இல்லை. முந்தைய தொற்றுகளால் வந்த எதிர்ப்புச் சக்தி ஊருக்கு ஊர் வேறுபட்டிருக்கலாம்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிண்ணியாவின் தரையைப் பார்க்காமல் இந்தக் கேள்வியைக் கடந்துவிட முடியாது. கடலும் களப்பும் மகாவலியின் வாய்களும் சூழ்ந்த சிறு நிலத்தில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. கிணறுகளில் ஆழமில்லை, பல இடங்களில் நீர் உவர்க்கிறது. குழாய்நீர் நிச்சயமில்லாத வீட்டில் தொட்டியிலும் பீப்பாயிலும் நீரைத் தேக்கி வைப்பதுதான் குடும்பத் தலைவியின் பொறுப்பான செயல். நுளம்பு பெருகுவதும் அந்த நீரிலேதான். 'விழிப்புணர்வு போதாது' என்று அவளை நோக்கி விரல் நீட்டுவது எவ்வளவு அநியாயம்! தேக்கி வைக்காதே என்று சொல்வதற்கு முன், தேக்கி வைக்கத் தேவையில்லாதபடி நாள் முழுவதும் நீர் வர வேண்டும்.

இனி மாவட்டத்தின் வடமேற்கு மூலைக்குப் போவோம். பதவிசிறிபுரவில் வாழ்வோர் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். குளத்தை நம்பிய குடியேற்றங்களின் பிள்ளைகள். 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்ட, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் மாகாண எல்லை தாண்டி இங்கும் உண்டு. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத, வயலில் உழைக்கும் நடுவயதினரை அது வீழ்த்துகிறது. கடினத்தன்மையும் புளோரைட்டும் மிகுந்த நிலத்தடி நீரா, விவசாய இரசாயனங்களா, வெயிலில் நீரின்றி உழைப்பதா, இவை சேர்ந்த விளைவா என்ற விவாதம் முடியவில்லை. ஆனால் முடிவுக்குக் காத்திராமலே ஒன்றைச் சொல்லலாம்: பேசப்படும் காரணங்கள் எல்லாம் வறண்ட வலயத்துச் சிறு விவசாயியின் வாழ்க்கைக்குள்ளேயே இருக்கின்றன. குழாய்நீர் குடித்து, நிழலில் இருந்து வேலை செய்பவரை அவை தொடுவதில்லை.

கிண்ணியாவில் முஸ்லிம்கள், பதவிசிறிபுரவில் சிங்களவர், வெருகலில் தமிழரும் கரையோர வேடர் வழிவந்தோரும். மூன்று இனத்தவரும் பெருந்தொகையாக வாழும் இம்மாவட்டத்தில் நோயையும் இனக்கணக்கில் பிரிப்பது எளிது. அரசியல்வாதிகளுக்கு அது வசதியும்கூட. நான் பார்க்கும் வரையில் இனம் இங்கே நோயின் காரணம் ஆகாது. எந்த இனத்தவர் எந்த மண்ணில் குடியமர்த்தப்பட்டார், எங்கிருந்து விரட்டப்பட்டார் என்பதை வரலாறு தீர்மானித்தது. அந்த மண்ணும் நீரும் நோயைத் தீர்மானித்தன. 1967இல் தொடங்கப்பட்ட வைட்ஹோல் ஆய்வில் இலண்டன் அரச ஊழியர்களிடையே மைக்கேல் மார்மொட் கண்டது ஓர் ஏணி: பதவிப் படி இறங்க இறங்க இதயநோய் மரணம் கூடியது, அடிப்படியில் இருந்தவருக்கு மேற்படியாரைவிட மூன்று மடங்களவு. நம் மாவட்டத்தில் அந்த ஏணி நிலப்படத்தில் கிடையாகக் கிடக்கிறது. அதன் உச்சிப்படி துறைமுக நகரம்.

படிகளுக்கிடையே இருப்பது பெரும்பாலும் நீர். கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009 ஒக்டோபரில்தான். 396 மீற்றர் நீளமான அப்பாலம் வரும்வரை நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பிரசவ வலிக்காரியும் பாதைக்குக் காத்திருந்தாள். அந்நாளில் மூதூராருக்குக் கொட்டியாரக்குடாவைப் படகில் கடப்பது ஒரு வழியாக இருந்தது, கந்தளாய் சுற்றி வருவது மற்றதாக இருந்தது. இலங்கையில் வைத்தியம் இலவசம் என்று பெருமையோடு சொல்கிறோம், பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கட்டணமில்லை என்பதால் கட்டில் வரைக்குமான பயணமும் இலவசமாகிவிடாது. கூலிவேலைக்காரர் இழக்கும் நாட்சம்பளத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் போரே காரணம் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 2006இல் சம்பூரிலிருந்து ஓடிய குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்தக் காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015இல். இடையில் கிளிவெட்டி போன்ற முகாம்களில் தகரக் கூரையின் கீழ் குழந்தைகள் பிறந்து வளர்ந்தன. ஆனால் போர் முடிந்த பின்னரும் இடைவெளி தானாக அடைபடவில்லை. வீட்டு வருமான, செலவின அளவீட்டின்படி 2012/13இல் நாட்டில் 6.7 வீதத்தினர் வறியோர். 2016இல் அது 4.1 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் திருகோணமலையில் 9 வீதம் 10 வீதமாக உயர்ந்தது. குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்ததும் போர் ஓய்ந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

நோய்தான் வறுமையை உண்டாக்குகிறது, வறுமை நோயை அல்ல என்போரும் உண்டு. சிறுநீரகம் பழுதான விவசாயி வயலைக் குத்தகைக்கு விட்டு, இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அலைகிறார். அந்த வீடு ஏழையாகத்தான் ஆகும். இந்தச் சுழற்சி மெய். ஆனால் அவர் நோயாளியாகும் முன்பே அந்தக் கிணற்றில் குடித்தவர். சுழற்சி எங்கே தொடங்கியது என்பதை அது மறைக்கக் கூடாது.

இந்த வேறுபாடுகள் மாறாதவை என்று நினைப்போருக்கு நான் காட்டுவது மலேரியாவை. வறண்ட வலயத்து எளியவரின் நோயாக இருந்தது அது. 2000ஆம் ஆண்டில்கூட நாட்டில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கண்டது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. அதற்குள் மூதூராரும் கோமரங்கடவலக்காரரும் பணக்காரர் ஆகிவிடவில்லை. மருந்து தெளிப்பவரும் இரத்தம் பார்க்க வரும் நடமாடும் குழுவும் கடைசி ஊர் வரை போனார்கள், போர்க் காலத்திலும் போனார்கள். மாவட்டச் சராசரியை நம்பி அவர்கள் இருந்துவிடவில்லை. எந்த ஊரில் எந்த வீட்டில் காய்ச்சல் என்று எழுதி வைத்தார்கள். டெங்குவுக்கும் சிறுநீரக நோய்க்கும் களப்பில் போன உயிர்களுக்கும் அப்படியொரு கணக்கு பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகளுக்கும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். அதில் ஒவ்வோர் ஊருக்கும் எதிரே மூன்று நிரல்கள் இருக்கட்டும்: குடிநீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் தேக்கி வைக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போக எந்த நீரைக் கடக்கிறார்கள்.