நைல் நதிக்கரையின் காவலர்

நூதனசாலைப் பொறுப்பாளர் என்றால், கண்ணாடிப் பேழைக்குட் கிடக்கும் பழம்பொருள்களைக் காத்திருப்பவர் என்றே பலரும் கருதுவர். அக்கருத்தை மாற்றியவர், பாரிசு நகரின் லூவர் நூதனசாலையில் எகிப்தியப் பகுதியைக் கவனித்துவந்த கிறிஸ்தியான் தெறோஷ் நோபில்கூர் அம்மையார்.

1913ஆம் ஆண்டிற் பாரிசிற் பிறந்த இவர், 1938இல் கெய்ரோவிலிருந்த பிரெஞ்சுக் கீழைத்தேயத் தொல்பொருளியல் நிறுவனத்திற் சேர்ந்தார். அங்கு ஆய்வாளராக இடம்பெற்ற முதற் பெண் இவரே. உடனிருந்த ஆடவர் சிலர், நூல்நிலையத்தையும் உணவறையையும் ஒரு பெண்ணுடன் பகிர்ந்துகொள்ள உடன்படவில்லை. அம்மையார் அதற்காகப் பின்வாங்கவில்லை. அகழ்வுக்களத்தில் உழைத்துத் தம் தகுதியை நிலைநாட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சின் எதிர்ப்பியக்கத்திற் சேர்ந்ததோடு, லூவரின் எகிப்தியச் செல்வங்களை மறைத்துக் காப்பதிலும் பங்குகொண்டார்.

நேயர்களே, இதனினும் பெரிய சோதனை பின்னர் வந்தது. எகிப்து அரசு அஸ்வானில் உயர் அணை கட்டத் தீர்மானித்தது. பெருகிவரும் மக்களுக்கு நீரும் மின்சாரமும் வேண்டும். ஆதலின் அணையை வேண்டாமெனல் இயலாது. ஆயினும் அணை எழுந்தால் நூபியாவின் பழங்கோவில்கள் நீரில் அமிழ்ந்துவிடும். அவற்றின் சிற்பங்களையும் சாசனங்களையும் பதிவுசெய்யும் நிலையமொன்றைக் கெய்ரோவில் அமைப்பதற்கு அம்மையார் துணைநின்றார். பதிவு மட்டும் போதாது, கோவில்களையே காக்கவேண்டுமென்றும் வாதாடினார். 1960ஆம் ஆண்டு மார்ச் 8ஆந் தேதி, யுனெஸ்கோ நிறுவனம் உலக நாடுகளின் உதவியைக் கோரியது.

அமாதா என்னுமிடத்துக் கோவிலே பெருஞ்சிக்கலாயிற்று. அதன் ஓவியங்கள் மெல்லிய சாந்துப் பூச்சின்மீது தீட்டப்பெற்றவை. கல்லை அறுத்தால் உதிர்ந்துவிடும். பிரான்சு அதனைக் காக்குமென அம்மையார், அரசின் அனுமதி பெறுமுன்னரே வாக்களித்துவிட்டார். சினங்கொண்ட அதிபர் டி கோல், எவ்வதிகாரத்தால் அவ்வாறு செய்தீரென வினவினார். 1940இல் தாங்கள் எவருடைய அனுமதியுடன் போராட்டத்துக்கு அழைப்பு விடுத்தீரென அம்மையார் திருப்பிக் கேட்டாராம். அதிபர் இணங்கினார். ஏறக்குறைய 900 தொன் எடையுள்ள அக்கோவில், அறுபடாமலே தண்டவாளங்களின்மீது 2.6 கிலோமீற்றர் தூரம் நகர்த்தப்பட்டது. அபு சிம்பெல் கோவில்களோ கல் கல்லாக அறுக்கப்பட்டு, முன்னிருந்த இடத்தினின்றும் ஏறத்தாழ 65 மீற்றர் உயரத்தில் 1968இல் மீண்டும் எழுந்தன.

2011இல், தமது 97ஆவது வயதில் அம்மையார் மறைந்தார். நூலறையிலும் இடமளிக்கத் தயங்கிய உலகம், இறுதியில் அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தது. அவர் கொடுத்த வாக்கின் பயனாக, அமாதாவின் ஓவியங்கள் இன்றும் நீருக்கு மேலே நிற்கின்றன.