ரேகையும் மனமும்: பழனிமலை அடிவாரத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம்

குற்றத்துக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பை இந்தியச் சட்டம் முதலில் தனிமனிதரை வைத்தே அளந்தது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, செயல் நடந்த வேளையில் சித்தசுவாதீனம் இழந்து, தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய இயலாதவரைக் குற்றவாளியாகக் கொள்ளவில்லை. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டமோ மனத்தை விட்டுவிட்டுப் பிறப்பைக் கேட்டது.

பின்னாளில் இவ்வகைச் சட்டத்துக்கு உள்ளான மதுரைச் சீமைக் கள்ளர் சாதியினரைப் பற்றிய பிற்கால எழுத்துகள் பலவற்றுக்கு அடிப்படையானது எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்து மனித உடல்களை அளந்தவர் அவர். நெல்சனின் 1868ஆம் ஆண்டு மதுரை நூலையும் பிரான்சிஸின் 1906ஆம் ஆண்டு மாவட்டக் கையேட்டையும் எடுத்தாண்டு, திருட்டைத் திருமண வழக்கம், காதணி ஆகியவற்றோடு சேர்த்துச் சாதி இயல்புகளில் ஒன்றாக அடுக்குகிறார். இந்த அடுக்கல்முறையே பிழையானது. அவர் தரும் சான்றே அதற்கு எதிராகப் பேசுகிறது.

அச்சான்று துப்புக்கூலி. காணாமல்போன மாட்டை மீட்க, உரியவர் இடையாள் மூலம் துப்புச் சொல்பவருக்குக் கூலி கொடுப்பார். மாடு குறித்த இடத்தில் கட்டிக் கிடக்கும். பேரம், தவணை, வாக்குத் தவறாமை எல்லாம் கொண்ட இந்த ஏற்பாடு, கட்டுக்கடங்காத உள்ளுந்துதலின் வேலையாக இருக்க முடியாது. கள்ளர்கள் ஊரைக் காத்துக் கூலி பெற்ற குடிகாவல் உரிமையின் மறுபக்கம் அது. காவல் 1859ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தோடு அரசின் கைக்குப் போன பின்னும், ஊர்கள் காவல்கூலி கொடுத்துவந்தன. 1896இல், பழனிமலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டிய திண்டுக்கல் வட்டாரத்தில், குடியானவர்கள் பண்டு சேர்த்துக் கள்ளர் காவலை விலக்க முனைந்தனர். அங்கே மோதியவை கூலியும் உரிமையும். நோயுற்ற மனங்கள் அல்ல.

இத்தாலியர் லொம்பிரோசோவின் ‘பிறவிக் குற்றவாளி’ கோட்பாட்டிலிருந்தே 1871ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது என்பதும் ஏற்கத்தக்கதன்று. அவருடைய நூல் 1876இல்தான் வந்தது. சாதித் தொழில் பற்றிய ஆட்சியாளர்களின் எண்ணம் முன்னரே சட்டமாகிவிட்டது. அறிவியல் பின்னால் வந்து அதற்குத் துணைநின்றிருக்கலாம்.

சென்னை மாகாணத்தில் 1911ஆம் ஆண்டின் புதிய சட்டமே நடைமுறைக்கு வந்தது. மதுரைச் சீமைக் கள்ளரில் ஒரு பிரிவினரான பிறமலைக் கள்ளர் மீதான அறிவிக்கைக்கு ஒற்றை ஆண்டு குறிப்பது பொருந்தாது. 1914 வாக்கில் கீழக்குயில்குடியில் தொடங்கி 1918 வாக்கில் பிற ஊர்களுக்கும் விரிந்தது. மக்கள் இச்சட்டத்துக்கு இட்ட பெயர் ரேகைச் சட்டம். பதிவானவர் கைரேகை தர வேண்டும். இருப்பிடம் மாறினால் தெரிவிக்க வேண்டும். மாவட்ட மாஜிஸ்திரேட் விரும்பினால் ஒருவருக்கு விலக்குத் தரலாம். பதிவானவரின் மனநிலையை ஆராயும் கடமை எவருக்கும் இல்லை. ஒரு குற்றமும் செய்யாதவருக்கு 84ஆம் பிரிவும் உதவாது, ஏனெனில் அது செயலுக்குரிய விலக்கு. பிறப்புக்கு விலக்கு கிடையாது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட பலர் உயிரிழந்தனர்.

சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் 1952இல் நீங்கியது. இடையே 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த வழக்கக் குற்றவாளிகள் சட்டம், பிறப்பை விட்டுத் தனிமனிதர் பெற்ற தண்டனைகளை எண்ணியது. மனநிலைக்கான விதிவிலக்கு 84ஆம் பிரிவிலேயே தங்கியது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு.