மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் தளபதி

சென்னை அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்று அழைத்த நாளில், ஸ்பென்சர் அருகே சாலைகள் கூடுமிடத்தில் ஜேம்ஸ் நீல் என்னும் ஆங்கிலத் தளபதியின் சிலை நின்றது. அவர் யார் என்பதை நம் இளைஞர் பலர் அறியார்.

மதராஸ் ஐரோப்பியப் படையின் தலைவரான நீல், 1857-இல் கிளர்ச்சியை அடக்க வடக்கே சென்றார். ஜூன் மாதம் அலகாபாத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் ஏராளமானோர் தூக்கிலிடப்பட்டனர். கான்பூரில் ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதற்கு அது பழிவாங்கல் என்பார் உளர். அக்கொலை கொடும் பாதகமே. ஆனால் அது நடந்தது ஜூலையில்! அதன்பின் கைதிகளை அவ்வீட்டு இரத்தத்தை நாவால் நக்கச் செய்து தூக்கிலேற்றியவரும் இவரே. செப்டம்பர் 25-இல் லக்னோவில் குண்டடிபட்டு இறந்தார். அவருக்குத்தான் சென்னையில் சிலை!

1927-இல் நெல்லைச் சோமயாஜுலு தலைமையில் சத்தியாக்கிரகம் எழுந்தது. அகிம்சை வழுவாதிருக்க வேண்டும் என்று கூறிக் காந்தியடிகள் ஆதரித்தார். இளைஞர் காமராசரும் ஈடுபட்டார். தொண்டர் பலர் சிறை சென்றும் சிலை அசையவில்லை. 1937-இல் இராஜாஜி அமைச்சரவைதான் அதை அகற்றியது.

பின்னர் அது எழும்பூர் அருங்காட்சியகம் சேர்ந்தது. உடைக்காமல் வைத்தது நன்றே என்பது நம் எண்ணம். அங்கே பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அலகாபாத்தையும் சொல்லிக் காட்டலாம்.