மாவோரியர் அடுப்பில் ஒரு தமிழ் மணி

நியூசிலாந்தின் வடதீவில் உள்ள ரோட்டோருவா, நிலத்தின் உள்வெப்பம் மேலெழுந்து கொதிக்கும் ஊர். சிங்கப்பூர்த் தமிழர் பலரும் விடுமுறையில் அங்குச் சென்று வருகின்றனர். கந்தக மணம் கமழும் ஃபக்கரேவரேவா என்னும் சிற்றூரில் போஹுட்டு ஊற்று 30 மீட்டர் வரை பீறிட்டெழுவதைக் காண்கின்றனர். மாவோரியர் சோளக்கதிரைப் பையிலிட்டுக் கொதிகுளத்தில் வேகவைப்பதையும், நிலத்து ஆவியில் இறைச்சியும் கிழங்கும் அவிப்பதையும் வியந்து நோக்குகின்றனர். 1886ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் தாராவேரா எரிமலை வெடித்தபோது ஊரிழந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். விருந்தினர்க்கு வழிகாட்டுவது அவர்களுக்குப் பரம்பரைத் தொழில்.

அச்சமையலில் ஒரு வரலாற்றுச் செய்தி உண்டு. பழைய மாவோரியர் மட்கலம் வனைந்தவர் அல்லர், உலோகமும் அறியார். சுட்ட கற்களைக் குழியிலிட்டு, உணவை வைத்து, மண்ணால் மூடி அவிப்பதே நாடெங்கும் அவர்தம் வழக்கம். அதனை ஹாங்கி என்பர். நீரில் வேகவைத்தல் வெந்நீர் ஊற்றுடையார்க்கே எளிது. ஊற்றில்லா ஊரில் தீயின்மேல் ஏற்றத்தக்க உலோகக் கலம் ஒன்று கிடைத்தால் அதன் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

அத்தகைய கலம் ஒன்றை, ஏறத்தாழ 1836ஆம் ஆண்டில், வடக்கே ஃபங்காரெய் வட்டாரத்தில் வில்லியம் கொலன்சோ என்னும் சமயத்தொண்டர் கண்டார். அவர் அச்சுத்தொழில் வல்லவர்; எழுத்தைக் கண்ட கண் அகலாதவர். பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த அக்கலம், அடிப்பகுதி உடைந்துபோன வெண்கல மணி! அதனைச் சுற்றி எழுத்துகள் ஓடின. பெருமரம் ஒன்று சாய்ந்தபோது வேரடியில் கிடைத்தது என அவர்கள் கூறினர். இரும்புப் பானையொன்றை ஈடாகத் தந்து அவர் அதனைப் பெற்றார். எழுத்துகள் தமிழ் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 'முகையதீன் பக்சு உடைய கப்பலின் மணி' என்பது அதன் பொருள். இன்று அது வெலிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது.

இச்செய்தி வகுப்பறைக்கு வருங்கால், 'தமிழர் முன்னரே நியூசிலாந்தில் கால்வைத்தனர்' என்று எளிதில் உருமாறிவிடுகிறது. மணி அவ்வளவு சொல்லவில்லை. மணி கடந்த தொலைவை அதன் உடையவரும் கடந்தார் என்பதற்குச் சான்றில்லை. கைவிடப்பட்ட கலம் நீரோட்டத்தில் மிதந்து சென்றிருக்கலாம். பிறநாட்டுக் கப்பலில் பண்டமாகவும் போயிருக்கலாம். அதன் அகவை ஐந்நூறு ஆண்டு என்பார் சிலர்; 17, 18ஆம் நூற்றாண்டினது என்பார் சிலர். அதில் வெந்த உருளைக்கிழங்கோ, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் வழி அந்நாடு புகுந்தது.

சொல்லாராய்ச்சியிலும் இதே வழுக்கல் உண்டு. ரோட்டோ ஏரி, ருவா இரண்டு. 'ருவா'வை நம் 'இரு'வோடு பிணைக்க நாத் துடிக்கும். ஆயின் அதன் உறவு மலாய் மொழியின் 'துவா'. ஐந்து அங்கே ரிமா, மலாயில் லிமா. வானம் அங்கே ராங்கி, மலாயில் லாங்கிட். மாவோரி மொழியின் சுற்றத்தைச் சிங்கப்பூர் மாணவர் அண்டை வீட்டிலேயே கேட்கின்றனர்.

மணி உறுதியாகச் சொல்வது வேறு. இசுலாமியப் பெயர் தாங்கிய கலம் ஒன்றின் உடைமையை அறிவிக்க அரபியோ பாரசீகமோ வேண்டப்படவில்லை, தமிழே போதியதாயிற்று. ஃபேரர் பார்க் வட்டாரத்தில், பியட்டி சாலையில், உமறுப்புலவர் பெயரால் தமிழ்மொழி நிலையம் ஒன்று உள்ளது. சீறாப்புராணம் பாடிய அப்புலவரைப் போற்றிய கீழக்கரைச் சீதக்காதி கடல்வணிகர். சோழமண்டலக் கரையின் முசுலிம் வணிகரே பின்னாளில் தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரை நாகூர் தர்காவை எழுப்பினர். முகையதீன் பக்சு அம்மரபினர் எனக் கொள்வது பொருந்தும். அது கப்பலின் பெயராகவே இருத்தலும் கூடும். நாகப்பட்டினம் 1658இல் ஒல்லாந்தர் கைப்பட்டது. அவர்கள் உள்நாட்டுக் கப்பல்களுக்குக் கடவுச்சீட்டு வழங்கியவர்கள். அப்பெயரைத் தேடத் தொடங்கவேண்டிய இடம் அவ்வேடுகளே.