இரண்டு எஜமானர்களின் துறைமுகம்

மாலுமி என்னும் சொல் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் தமிழ் வடிவம் என்பதை வாசகர்கள் அறிவர். பள்ளியில் கற்பிப்பவரைக் குறிக்கும் அதே சொல் கடலில் வழி அறிந்தவரையும் குறித்தது. சுக்கான் அரபுச் சொல். நாகுதாவும் சாரங்கும் பாரசீகத்திலிருந்து வந்தவை. தண்டல் மலையாளக் கரையில் பிறந்தது என்பர். கப்பலில் கணக்கெழுதிய 'கர்ரானி' நம் வாயில் கிராணியாகி, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் வழங்கியது. இவை யாவும் பதவிப் பெயர்கள். யார் யாருக்குக் கட்டளையிடலாம், யார் எதற்குப் பொறுப்பு என்ற ஒழுங்கைச் சுமந்து நின்றவை.

அவ்வொழுங்கைத் தொகுத்துரைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பஸ்ல் எழுதிய 'ஆயினே அக்பரி'. பெருங்கப்பல் ஒன்றில் பன்னிரண்டு வகைப் பணியாளர்கள் இருப்பர் என்கிறது அந்நூல். கப்பலின் உடைமையாளரோ அவரின் இடத்தில் இருப்பவரோ நாகுதா. பயணம் எத்திசையில் என்பதை முடிவு செய்பவர் அவர். ஆழமும் திட்டும் அறிந்து, வானியல் கற்று, கப்பலைச் சேருமிடம் கொண்டு சேர்ப்பவர் முஅல்லிம். கலாசிகளின் தலைவர் தண்டல். கரை சேர்ப்பதையும் இறங்குவதையும் பார்த்துக்கொள்பவர் சாரங்கு. தேவைப்படின் முஅல்லிமின் பணியையும் அவர் செய்வார். கலாசி ஒருவன் நிலையிலிருந்து பார்த்தால், அவனுக்கு மேலே இருப்பது ஒரே ஏணி அன்று. பயணத்தின் இலக்கு ஒருவர் கையில். வழி மற்றொருவர் கையில். இரண்டும் மோதாதிருந்தமைக்குக் காரணம், எல்லை எது என்பது கப்பலேறும் முன்பே தெரிந்திருந்ததுதான்.

இன்றைய நிர்வாகவியல் நூல்கள் இவ்விரு வகையையும் படிநிலை அமைப்பு என்றும் மேட்ரிக்ஸ் அமைப்பு என்றும் பெயரிட்டுக் கற்பிக்கின்றன. முதலாவதில் ஒவ்வொருவருக்கும் மேலதிகாரி ஒருவரே. பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் ஹென்றி ஃபயோல் 1916இல் வகுத்த கோட்பாடு இது. இரண்டாவதில், பாவும் ஊடும்போல, துறைத் தலைவர் ஒருவரும் திட்டத் தலைவர் ஒருவரும் ஒரே ஊழியர் மீது அதிகாரம் கொண்டிருப்பர். இதை 1960களின் அமெரிக்க விண்வெளித் தொழிலின் கண்டுபிடிப்பாகச் சொல்வது வழக்கம். ஃபயோலுக்கும் முன்னரே, 1903இல், ஃபிரெடரிக் டெய்லர் ஒரு தொழிலாளிக்கு எட்டு மேற்பார்வையாளர்களை நியமிக்கலாம் என்று எழுதியதை இந்நூல்களிற் பல கடந்து சென்றுவிடுகின்றன.

பிணங்கும் பங்காளிகள் பலருக்கு உரிய அடிமையையும் ஒருவருக்கே உரிய அடிமையையும் ஒப்பிடும் உவமை திருக்குர்ஆனில் (39:29) உள்ளது. அது ஏகத்துவத்தை விளக்க வந்த உவமை. தொழிற்சாலை நிர்வாகத்துக்கு அதை இழுப்பது முறையன்று. எனினும், கேட்டவர் நெஞ்சில் அது உடனே தைத்திருக்கும் என்றால், பல எஜமானர்களின் இடையே அகப்பட்டவன் படும் பாட்டை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதே பொருள். அந்தப் பாடு எல்லாக் காலத்திலும் அவ்வாறே இருந்ததா? வடசென்னைத் துறைமுகத்தின் வரலாறு இக்கேள்விக்கு எதிர்பாராத விடையொன்றைத் தருகிறது.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. நங்கூரமிட்ட கப்பலுக்கும் மணற்கரைக்கும் இடையே மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்கையும் ஆட்களையும் கொண்டு சேர்த்தன. 1876க்குப் பின் கட்டப்பட்ட தடுப்புச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. 1904இல் பொறுப்பேற்ற சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில்தான் நுழைவாயில் வடகிழக்குக்கு மாற்றப்பட்டுத் துறைமுகம் இன்றைய உருவை நோக்கி நகர்ந்தது. கட்டடம் மாறிய அளவுக்கு ஆள் எடுக்கும் முறை மாறவில்லை. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. கப்பல் நிறுவனத்துக்காகச் சரக்கை ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரர் ஸ்டீவடோர். அவருக்கு ஆள் கொண்டு வருபவர் மேஸ்திரி. யாரை இன்று கூப்பிடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பது மேஸ்திரியின் விரலசைவில் இருந்தது. ஃபயோலின் இலக்கணப்படி இது குறையற்ற அமைப்பு: தொழிலாளிக்கு எஜமானர் ஒருவரே. அந்த ஒருவர் முகம் திருப்பினால் இராயபுரத்துக் குடிசையில் அன்று அடுப்பெரியாது.

1929இல் நியமிக்கப்பட்ட விட்லி தலைமையிலான ராயல் கமிஷன், துறைமுகங்களின் அன்றாடக் கூலி முறையை ஒழித்துத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1931இல் பரிந்துரைத்தது. அது சட்டமாக வருவதற்கு நாடு விடுதலை பெற வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் கப்பல்துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், 1950களில் சென்னைக்கும் தனித் திட்டமும் வாரியமும் வந்தன. மக்கள் வழக்கில் அதன் பெயர் டாக் லேபர் போர்டு. அரசு, தொழிலாளர், முதலாளிகள் ஆகிய முத்தரப்பினரும் அதில் இடம்பெற்றனர்.

இங்கேதான் இரண்டாம் எஜமானர் தோன்றுகிறார். ரிசர்வ் பூல் எனப்பட்ட பொதுத் தொகுப்பில் இருந்த தொழிலாளியின் பெயர் வாரியத்தின் பதிவேட்டில் இருந்தது. முறைவைத்து வேலைக்கு அனுப்புவதும், குற்றம் சாட்டப்பட்டால் விசாரிப்பதும் வாரியமே. ஆனால் கப்பலேறியதும் அன்றைய கட்டளை ஸ்டீவடோருடையது. நாளை வேறொரு ஸ்டீவடோர், அதே தொழிலாளி. வேலைக்கு வந்து காத்திருந்தும் கப்பல் இல்லையெனில் வருகைப்படி உண்டு. மாதத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கு உறுதி உண்டு. வேலைக்கு ஒதுக்கப்பட்ட பின்னர் அது தொடங்க முடியாமற்போனால் அதற்கும் ஒரு தொகை. இத்தகைய திட்டங்களில் அதற்கு இடப்பட்ட ஆங்கிலப் பெயரைத் தமிழில் 'ஏமாற்றப் பணம்' என்றுதான் சொல்ல வேண்டும். அரசாங்கத் தாளில் மனித உணர்ச்சி ஒன்று கூலித் தலைப்பாக ஏறியது அரிய நிகழ்ச்சி.

ஸ்டீவடோரின் ஆள் கப்பல் தளத்தில் எவ்வளவு சத்தமிட்டாலும் பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை அவராக அடித்துவிட முடியாது. புகார் செய்யலாம், வாரியம் விசாரிக்கும். கட்டளையிடும் அதிகாரமும் பட்டினி போடும் அதிகாரமும் வெவ்வேறு கைகளுக்குப் போயின. நிர்வாக நூல்கள் குழப்பம் என்று எச்சரிக்கும் இரட்டைத் தலைமை, துறைமுகத் தொழிலாளிக்குக் கிடைத்த முதல் பாதுகாப்பாயிற்று.

அதே காலத்தில், சில கல் தொலைவில், எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸும் (பின்னர் அசோக் லேலண்ட்) 1955இல் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டும் தொழிற்சாலைக்குரிய நேரான ஏணியையே கொண்டிருந்தன. ஒரே கூரை, ஒரே முதலாளி, ஒரே சம்பளப் பட்டியல். அங்கே அது பொருந்தியது. துறைமுகத்தில் வேலை தருபவர் கப்பலுக்குக் கப்பல் மாறியமையால் அந்த ஏணியைச் சார்த்தச் சுவர் இல்லை.

ஆயினும் இரட்டைத் தலைமைக்கு விலையும் இருந்தது. கப்பலின் மேல் வேலை செய்தவர்கள் வாரியத்தின் ஆட்கள்; கீழே கரையில் சரக்கை வாங்கியவர்கள் போர்ட் டிரஸ்டின் ஊழியர்கள். சரக்கறையிலிருந்து எழும் ஒரு மூட்டைக் கட்டு, கப்பலின் விளிம்பைத் தாண்டும் அந்த நொடியில் ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்குள் புகுந்தது. மேலே வின்ச் ஓட்டுபவரும் சைகை காட்டுபவரும் ஒரு நிர்வாகம்; கீழே கொக்கியை அவிழ்ப்பவர் இன்னொரு நிர்வாகம். ஒரு பக்கம் தாமதித்தால் மறு பக்கம் சும்மா நிற்கும். தாமதம் யாருடையது என்ற வழக்கு கப்பல் போன பின்னும் நீளும்.

சட்டத்திற்கும் இது தலைவலியானது. வாரியத் தொழிலாளிக்குப் போனஸ் தர வேண்டியவர் யார்? விசாகப்பட்டினம் வாரியத்துக்கும் ஸ்டீவடோர்கள் சங்கத்துக்கும் இடையில் உச்ச நீதிமன்றம் வரை சென்ற இவ்வழக்கின் தீர்ப்பு, 1970ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் உள்ளது. வாரியம் முதலாளி அன்று. யாருடைய சரக்கேற்று வேலைக்குத் தொழிலாளர் ஒதுக்கப்பட்டார்களோ அந்த ஸ்டீவடோர்களே முதலாளிகள் என்பது அதன் முடிவு. பதிவு செய்தவரையும் ஒதுக்கியவரையும் விட்டு, உழைப்பின் பயனை நுகர்ந்தவரை நீதிமன்றம் பிடித்தது. என் கருத்தில் இது சரியான அளவுகோல். கட்டளைகள் இரண்டு இடத்திலிருந்து வரலாம். கடன் ஓரிடத்தில் நின்றாக வேண்டும்.

பிறகு பெட்டகங்கள் வந்தன. சென்னையில் 1983இல் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. ஒரு குழு நாள்முழுதும் தோளில் சுமந்ததைப் பாரந்தூக்கி சில நிமிடங்களில் இறக்கியது. பெரும் துறைமுகங்களுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாதெனச் செய்யும் சட்டம் 1997இல் நிறைவேறியது.

2001ஆம் ஆண்டு வடசென்னைக் கரையில் மூன்று நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்தன. பிப்ரவரியில் எண்ணூர்த் துறைமுகத்தைப் பிரதமர் வாஜ்பாய் நாட்டுக்கு அர்ப்பணித்தார். நிறுவனச் சட்டத்தின்கீழ் கம்பெனியாக அமைந்த முதல் பெரும் துறைமுகம் அது. அதே ஆண்டில் சென்னைத் தொழிலாளர் வாரியம் போர்ட் டிரஸ்டுடன் இணைக்கப்பட்டது. கப்பலின் மேலும் கீழும் இருந்த இரண்டு ஆட்சிகள் ஒன்றாயின. ஆண்டு முடிவதற்குள் பெட்டக முனையம் பி அண்ட் ஓ போர்ட்ஸ் என்னும் தனியார் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. முதல் நிகழ்ச்சிக்கும் மூன்றாவதற்கும் செய்தித்தாள்கள் தந்த இடத்தில் ஒரு பகுதியேனும் இரண்டாவதற்குக் கிடைத்திருக்க வேண்டும்.

எண்ணூர் வேறு வகை. மின்நிலையத்துக்கான நிலக்கரிக்காகவே முதலில் எழுந்த துறைமுகம் அது. கரி ஓடும் பட்டையில் போகிறது. துறைமுகக் கம்பெனி நிலத்துக்கும் நீருக்கும் உரிமை வைத்துக்கொள்ள, முனையங்களை வெவ்வேறு நிறுவனங்கள் நடத்துகின்றன. 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாறிய அது, 2020இல் மத்திய அரசின் பங்குகள் கைமாறியதும் சென்னைத் துறைமுகத்துக்கே முழு உடைமையானது. மேல்மட்டத்தின் வரைபடம் இவ்வாறு தெளிவாகிவிட்டது. கீழ்மட்டத்தில், ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் ஒப்பந்தக்காரரின் ஆள். ஒப்பந்தக்காரர் முனைய நிறுவனத்துக்கு வேலை செய்பவர். முனையம் துறைமுகத்திடம் உரிமம் பெற்றது. விசாகப்பட்டினம் வழக்கில் முதலாளி யார் என்ற கேள்விக்கு இருவர் நின்றனர். இங்கே மூவர் நிற்கின்றனர். பொதுப் பதிவேடு வைத்திருந்த நான்காமவர் மட்டும் இல்லை.